கொத்துச்சாவி

தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே ஐந்து நாள் பயிற்சி ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். நல்ல தலைவருக்கு இருக்க வேண்டிய பண்புகள் என்று 21 பண்புகளைத் திரையில் காட்டி, எல்லோரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். தொலைநோக்கு, தன்னம்பிக்கை, துணிவு, நேர்மை, காலந்தவறாமை என்று நீண்ட அந்தப் பட்டியலை நானும் நல்ல மாணவியைப் போல இரண்டு நிற மையில் எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்பேடு இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆனால் பணியில் இருந்த 12 ஆண்டுகளில் ஒருநாள்கூட அதைத் திறந்து பார்த்து நான் எந்த முடிவையும் எடுத்ததில்லை. பட்டியலில் பிழை ஏதும் இல்லை. துணிவு வேண்டும் என்று எழுதிக்கொள்வதால் துணிவு வந்துவிடுவதில்லை, அவ்வளவுதான். அந்த 21 பண்புகளிலும் சேராத ஒன்று என்னிடம் குறைவாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்த அம்மா ஒருவர் முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் உறைத்தது.

எங்கள் பள்ளி சிவகாசிப் பக்கத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை 160 பிள்ளைகள்; என்னையும் சேர்த்து ஏழு ஆசிரியர்கள். முந்தைய தலைமையாசிரியர் பணி நிறைவு பெற்ற அன்று என் கையில் ஒரு கொத்துச்சாவியைக் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன், 14 சாவிகள். வெளிக்கதவு, அலுவலக அறை, பீரோ, நூலக அலமாரி, விளையாட்டுப் பொருள் பெட்டி, மோட்டார் அறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தார். அந்தக் கனத்தை இடுப்பில் செருகிக்கொண்டபோது மனத்துக்குள் ஒரு பெருமிதம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. பொறுப்பு என்றால் எல்லாச் சாவியும் தன்னிடம் இருப்பது என்றுதான் அன்று நான் நினைத்தேன். காலையில் முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பதும், மாலையில் கடைசி ஆளாகப் பூட்டிவிட்டுப் போவதும் என் கடமையுணர்வின் சான்று என்று நானே எனக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டேன். நூலகப் புத்தகம் வேண்டும் என்றாலும் என்னிடம் வர வேண்டும். பந்து வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வர வேண்டும்.

மறு ஆண்டு ஆகஸ்டில் ஒருநாள் வட்டார வள மையத்தில் ஒரு கூட்டம் இருந்தது. நேராக அங்கே போய்விட்டேன். கொத்துச்சாவி வழக்கம்போல என் இடுப்பிலேயே இருந்தது. கூட்டத்தில் கைப்பேசியை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். பதினோரு மணிக்குத் தேநீர் இடைவேளையில் எடுத்துப் பார்த்தால் பள்ளியிலிருந்து 23 தவறிய அழைப்புகள். பிள்ளைகள் வெளிக்கதவுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர்கள் அங்கேயே பாடம் நடத்தியிருக்கிறார்கள். சமையல் கூடம் வளாகத்துக்குள் இருப்பதால் அடுப்புப் பற்ற வைக்கவே வழியில்லை. நான் பேருந்து பிடித்து ஓடி வந்து கதவைத் திறந்தபோது மணி பன்னிரண்டரை. அன்று பிள்ளைகள் சாப்பிட்டபோது இரண்டரை மணி ஆகிவிட்டது. காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் யார் யார் என்று எனக்குத் தெரியும். தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் விடியலிலேயே பெற்றோர் கிளம்பிவிடும் வீடுகள் அவை. காலை உணவுத் திட்டம் வருவதற்குப் பத்தாண்டுகள் முந்தைய கதை இது.

ஆசிரியர்கள் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. மூத்த உதவி ஆசிரியர் வருகைப் பதிவேட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சமையல்கார அம்மா மட்டும் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி அலுவலக வாசலில் வந்து நின்றார். "ஏன் டீச்சர், புள்ளைகளுக்குப் பொங்கிப் போட எங்கள நம்புறீங்க. ஒரு சாவியக் குடுத்துட்டுப் போக மட்டும் நம்பிக்கை வரலையாக்கும்?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் வெளிக்கதவுக்கு இன்னொரு சாவி செய்து அவர் கையில் கொடுத்தேன். கொடுத்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல் என்ற குறளைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். தேர்வில் கேட்டால் எழுதுவதற்கு வசதியாக, வேலையையும் கருவியையும் ஆளையும் ஆராய வேண்டும் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பேன். கடைசிச் சொல்லான 'விடல்' என்பதைப் பற்றி ஒருநாளும் நின்று பேசியதில்லை. ஆராய்வது அறிவு சார்ந்த வேலை. கொஞ்சம் பழகினால் வந்துவிடும். விடுவது அப்படியில்லை. வேலையைக் கொடுத்துவிட்டு, அவர் செய்யும்போது பின்னால் நின்று எட்டிப் பார்க்காமல், நடுவில் பிடுங்கிக்கொள்ளாமல், நான் செய்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்று முணுமுணுக்காமல் இருப்பதற்கு ஒருவர் தன் கையைத் தானே கட்டிப் பழக வேண்டியிருக்கிறது. தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வது என்று யாராவது என்னிடம் பேசினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பழக்கம்தான்.

எங்கள் மாவட்டத்தில் தலைமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் விருதுநகரில் பிறந்த காமராசரில் வந்துதான் நிற்கும். அவருடைய எளிமையைப் பற்றியும் ஏழ்மையைப் பற்றியும் மேடைகளில் நிறையக் கேட்டிருப்பீர்கள்; அவற்றை விட்டுவிடுகிறேன். என்னை ஈர்ப்பது அவர் ஆட்களிடம் வேலையை விட்ட முறை. 1954இல் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சித் தலைவர் பதவிக்கு அவரை எதிர்த்துப் போட்டியிட்டவர் சி. சுப்பிரமணியம், சுப்பிரமணியத்துக்கு ஆதரவாக நின்றவர் பக்தவத்சலம். வெற்றி பெற்ற காமராசர், எட்டே பேர் கொண்ட தம் அமைச்சரவையில் இந்த இருவருக்கும் இடம் கொடுத்தார். இடம் கொடுத்ததோடு நில்லாமல் நிதி, கல்வி போன்ற முதன்மையான துறைகளைத் தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்திடமே விட்டார். பள்ளிகளில் மதிய உணவு, ஊர்தோறும் புதுப் பள்ளிகள் என்று காமராசரின் பெயரை இன்றும் நிறுத்தி வைத்திருக்கிற பணிகள் அந்தத் துறைகளின் வழியாகத்தான் நடந்தன. வேலை நன்றாக நடக்குமானால் அதைச் செய்பவர் நேற்று யாருக்கு வாக்குப் போட்டார் என்று பார்க்காத மனம் எப்படி வாய்த்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஏழு பேர் பணிபுரியும் பள்ளியிலேயே, எனக்கு எதிராகச் சங்கக் கூட்டத்தில் பேசிய ஆசிரியரிடம் ஆண்டு விழாப் பொறுப்பைக் கொடுக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. கொடுத்த ஆண்டுதான் எங்கள் பள்ளியில் நடந்தவற்றிலேயே சிறந்த ஆண்டு விழா.

அமைச்சரிடம் மட்டுமல்ல, அதிகாரியிடமும் அவர் அப்படித்தான் இருந்தார். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவின் நினைவுக்குறிப்புகளைப் படித்தவர்களுக்கு இது தெரியும். 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது செலவில் ஒரு பகுதியை அரசும் மீதியை ஊர் மக்களும் ஏற்பது என்று வகுத்துக்கொண்டார்கள். 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் பெஞ்சும் கடிகாரமும் கரும்பலகையும் கட்டடமும் கொடுத்தார்கள். எங்கள் பள்ளியின் ஓட்டுக் கட்டடம்கூட அந்தக் காலத்தில் ஊரார் கொடுத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இவ்வளவு பெரிய வேலையை ஒரு முதலமைச்சர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு கோப்புக் கோப்பாகத் தாமே பார்த்திருந்தால் ஒரு மாவட்டத்தைக்கூடத் தாண்டியிருக்காது. யார் என்ன கேட்டாலும் "ஆகட்டும் பார்க்கலாம்" என்று அவர் சொன்னதை நாம் நகைச்சுவையாக எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. கேட்டவுடனே வாக்குக் கொடுத்துவிட்டால் அந்த வேலையைப் பார்க்க வேண்டிய அலுவலரின் கை கட்டப்பட்டுவிடும். அந்தத் தவறை நான் நிறையச் செய்திருக்கிறேன். பெற்றோர் முன்னிலையில் சட்டென்று தலையாட்டிவிட்டு, பிறகு வகுப்பாசிரியரிடம் போய்ச் சங்கடப்பட்டு நின்றிருக்கிறேன்.

1963 அக்டோபர் 2ஆம் தேதி அவர் முதலமைச்சர் பதவியையே விட்டார். அதன் பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர் 1954இல் எதிரணியில் நின்ற அதே பக்தவத்சலம். நான்கே ஆண்டுகளில், 1967 தேர்தலில், காமராசர் தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார், ஆட்சியும் கைமாறியது. அவர் விலகாமல் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று வாதிடுபவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். விட்டுக்கொடுப்பவருக்கு எப்போதும் நன்மையே விளையும் என்று சொல்ல நான் வரவில்லை; சில நேரங்களில் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை பெரிதாகவே இருக்கும்.

சாவியைக் கொடுத்தாயிற்று, பேச்சைக் கொடுப்பது அதைவிடக் கடினமாக இருந்தது. மாதந்தோறும் ஆசிரியர் கூட்டம் நடத்துவேன். ஒருமுறை ஏதோ ஒரு தீர்மானத்தைத் தேடிப் பழைய பதிவேட்டைப் புரட்டியபோது, பக்கத்துக்குப் பக்கம் 'தலைமையாசிரியர் கூறினார்', 'தலைமையாசிரியர் அறிவுறுத்தினார்', 'தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார்' என்றே இருந்தது. வேறு எவர் பெயரும் இல்லை. ஒன்றாம் வகுப்பு ஆசிரியை எழுத்தில் வைத்த கூரான நகைச்சுவையா அல்லது நடந்ததை அப்படியே எழுதினாரா என்று இன்றுவரை நான் அவரிடம் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்திலிருந்து, பொருளைச் சொல்லிவிட்டு நான் கடைசியாகப் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். முதல் மூன்று கூட்டங்கள் பெரும் சோதனையாக இருந்தன. ஐந்து நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். மின்விசிறி சுற்றுகிற ஓசை மட்டும் கேட்கும். அந்த அமைதியை நிரப்ப வேண்டும் என்று நாக்கு துடிக்கும். நான்காவது கூட்டத்தில்தான் கணக்கு ஆசிரியர் வாயைத் திறந்தார். ஆறாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வகுத்தல் வரவில்லை, அதை மறைத்துக்கொண்டு பின்னம் நடத்துகிறோம் என்றார். மூன்று ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்திருந்த செய்தி எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கோபத்தைப் பற்றிச் சொல்வதானால், ஒரே ஒரு சம்பவம் போதும். ஓர் ஆசிரியர் நாள்தோறும் வழிபாட்டுக் கூட்டம் முடிந்த பிறகே வருவார். வருகைப் பதிவேட்டில் எல்லோரும் பார்க்கும்படி சிவப்பு மையில் சுழித்து வைப்பேன். அவர் முகம் சுருங்கும். மறுநாளும் தாமதமாகவே வருவார். ஐந்து மாதங்கள் கழித்துத்தான், மற்றவர்கள் போன பிறகு உட்காரவைத்து, ஏன் என்று கேட்டேன். அவருடைய ஊரிலிருந்து வருகிற முதல் பேருந்தே எங்கள் நிறுத்தத்துக்கு 9.20க்குத்தான் வருகிறதாம். முன்பு அவரை இருசக்கர வாகனத்தில் அழைத்து வந்த நண்பர் மாறுதலில் போய்விட்டாராம். காலை வழிபாட்டுப் பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றி, மாலைச் சிறப்பு வகுப்பை இவருக்குக் கொடுத்ததோடு அந்தச் சிக்கல் தீர்ந்தது. கேட்பதற்கு இரண்டு நிமிடம் ஆனது. கேட்கலாம் என்று தோன்றுவதற்கு ஐந்து மாதம் ஆயிற்று.

பழி ஏற்பதைப் பற்றி எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பொறுப்பேற்ற புதிதில் ஆய்வுக்கு வந்த அலுவலர் இலவசப் பாடநூல் இருப்புப் பதிவேட்டில் ஒரு கூட்டல் பிழையைக் காட்டினார். என் வாயிலிருந்து முதலில் வந்த சொற்கள், "அந்தப் பதிவேட்டை அவர்தான் சார் பார்க்கிறார்" என்பதுதான். அந்த ஆசிரியர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையொப்பம் இருந்தது. அலுவலர் கையொப்பத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினார். அதன் பிறகு அந்த ஆசிரியர் எந்தப் புதுப் பொறுப்பையும் தாமாக முன்வந்து ஏற்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்ட பிறகும்கூட. முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் கைவிடுகிறவரிடம் யார்தான் பொறுப்பை ஏற்பார்கள்?

பிள்ளைகளுக்கு நாம் தலைமையைக் கற்றுக்கொடுக்கிற விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்தப் பாடம் ஐம்பது வயதுக்கு அருகில் வந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். நம் பள்ளிகளில் வகுப்புத் தலைவர் என்பவர் யார்? உயரமான அல்லது நன்றாகப் படிக்கிற பிள்ளை. அவருடைய வேலை என்ன? ஆசிரியர் வெளியே போனதும் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதுவது. மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. நண்பன் பெயரை அழித்துவிட்டு, பிடிக்காதவன் பெயருக்கு மூன்று குறி போடுகிற கலையை எட்டு வயதிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறோம். நானும் நான்காம் வகுப்பில் பெயர் எழுதியவள்தான். என் கையில் சுண்ணக்கட்டி இருந்தபோது வந்த அதே பெருமிதம்தான் கொத்துச்சாவியைச் செருகியபோதும் வந்தது.

எங்கள் பள்ளியில் பெயர் எழுதுவதை நிறுத்தினோம். ஒரு வாரத்துக்கு ஒருவர் என்று வகுப்புத் தலைமையைச் சுற்றில் விட்டோம். வேலையையும் மாற்றினோம். அந்த வாரம் வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் பாடம் சொல்லி அனுப்புவது, சாப்பாட்டு வரிசையில் சிறிய பிள்ளைகளை முன்னே விட்டுத் தான் கடைசியாகத் தட்டேந்துவது, நூலகப் புத்தகம் கொடுத்து வாங்குவது. முதலில் ஆசிரியர்களே முகம் சுளித்தார்கள். வகுப்பு சந்தைக்கடையாகிவிடும் என்றார்கள். சில வாரங்கள் அப்படித்தான் ஆனது. ஏழாம் வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி இருந்தாள். அவள் முறை வந்தபோது, நூலகப் பதிவேட்டில் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்கள் 19 பேர் இருந்தார்கள். யாரையும் அவள் என்னிடம் அழைத்து வரவில்லை. ஒவ்வொரு நாளும் மதியம் இரண்டு மூன்று பேர் அருகில் போய் உட்கார்ந்து, "அந்தக் கதையில கடைசியில என்னாச்சு?" என்று கேட்டிருக்கிறாள். படித்து முடித்தவர்கள் கதையைச் சொல்லிவிட்டு மறுநாள் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். படிக்காதவர்கள் படித்துவிட்டுத் தருகிறேன் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் 16 புத்தகங்கள் திரும்பிவிட்டன. நூலகச் சாவியை அன்றே பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். 2022இல் குழுவை மறுகட்டமைத்தபோது எங்கள் பள்ளிக்குத் தலைவராக வந்தவர் பட்டாசு ஆலைக்குப் போகிற ஒரு தாய். முதல் கூட்டத்தில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, நான் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு முன்பு, தீர்மானங்களை முதல்நாளே அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டத் தொடங்கினேன். நான்காவது கூட்டத்தில் நான் பேனாவை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. "கக்கூசு கட்டியாச்சு, சரி டீச்சர். தண்ணிக்கு என்ன ஏற்பாடுன்னு இதுல ஒண்ணும் எழுதலையே?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிச் சேர்த்த பிறகுதான் கையெழுத்துக் கிடைத்தது. அன்று கூட்டம் முடிய இரவு ஏழு மணி ஆனது. எனக்குக் கடைசிப் பேருந்தும் போய்விட்டது.

மறு ஆண்டு நான் பணி நிறைவு பெற்றேன். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவிகளுக்கென்று ஒரு வரிசை உண்டு. என்னிடம் இருந்தவை மூன்றுதான். சேர்க்கைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழ்களும் இருக்கிற பீரோவின் சாவியை மட்டும் கடைசி நாள்வரை யாரிடமும் நான் விடவில்லை. அந்த ஒன்றில் என் கை கட்டுப்படவே இல்லை. புதிதாக வந்த தலைமையாசிரியர் இரண்டாவது வாரம் தொலைபேசியில் அழைத்து, நூலக அலமாரிச் சாவியைக் காணோம், யாரிடம் இருக்கிறது என்று சற்றுக் கவலையோடு கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இந்த வாரம் எட்டாம் வகுப்புக்கு யார் தலைமை என்று கேட்டுப் பார்க்கும்படி சொன்னேன்.